பிள்ளை ஆரிட்டை?

தம்பி,

சுகம் விசாரிப்பதற்காக எழுதும் கடிதம் இல்லை இது. நீ கொழும்பில் சுகமாகத்தான் இருக்கிறாய். நீ அனுப்புகிற படங்களில் கன்னம் வைத்திருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு கதையைத் தொடங்கி நடுப்பகுதிக்கு வருவதற்குள் நீ "சரியம்மா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். உன் வீட்டில் கடந்த மாதங்களில் நடந்ததை உனக்குத் தர்சினி ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள், உன் மாமி இன்னொரு விதமாகச் சொல்லியிருப்பார். நான் இன்னும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ஒரு விஷயம்தான். எனக்குப் பொறாமை. அது எப்படித் தொடங்கி எங்கே போனது என்பதைக் கேள்.

உன்னுடைய கல்யாணத்தன்றே அது கொஞ்சம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் வழக்கம்தானே, வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய் அங்கே இருக்கவேண்டும். வட்டுக்கோட்டையில் தர்சினிக்கு எழுதிய வீட்டுக்கு நீ போனாய். அந்த வீட்டில் ஏற்கெனவே அவளுடைய அம்மா, உன் மாமி, இருந்தார். நான் கொடிகாமத்தில் மரக்கறிக் கடையில் இருந்தேன். உன்னைப் பார்க்கவேண்டுமென்றால் யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வரவேண்டும். வந்தால் உன் மாமி "வாங்கோ, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போடுவார். என் மகன் இருக்கிற வீட்டில் எனக்கு ஒருவர் கதிரை போடுகிறார் என்பது எனக்குச் செமிக்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போனபோதுதான் உண்மையாக வயிறு எரிந்தது. எனக்கு அது முதல் பேத்தி. உன் மாமிக்கு அப்படியில்லை, அவருடைய மூத்த மகளுக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருக்குத் தூக்கித் தூக்கி அலுத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். அலுக்கவில்லை.

பிறகு நிறைப் பிரச்சினை வந்தது. பிறந்தவுடன் பிள்ளைகள் கொஞ்சம் இளைப்பார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உன் மகள் இளைத்தாள், ஆனால் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த மிட்வைஃப் மிஸ், பிறந்தபோது இருந்த நிறைக்கே பிள்ளை இன்னும் திரும்பி வரவில்லை என்று சொன்னாராம். நீ அதைப் போனில் எனக்குச் சொன்னாய். நான் "ஐயோ" என்றேன். அந்த ஐயோ உண்மைதான், தம்பி. ஆனால் அந்த ஐயோவுக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. உன் மாமியின் வீட்டில், உன் மாமியின் கைப்பக்குவத்தில், பிள்ளை தேறவில்லை. இனி என்னைக் கேட்பார்கள், கொடிகாமத்துக்குக் கொண்டுவந்து வைத்திருங்கள் என்று சொல்வார்கள். இந்த எண்ணம் வந்தபோது எனக்கு உள்ளே எங்கோ சந்தோசமாக இருந்தது. பிள்ளை மெலிந்ததில் சந்தோசப்பட்ட ஒருத்தி உன் அம்மா. இதை நான் உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முருங்கையிலை, உள்ளி, பால்சுறா. பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து வறுத்துக் கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்று யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். வந்து பார்த்தால் உன் மாமி அதற்கு முன்பே சுறா வறுத்து வைத்திருக்கிறார். அதோடு மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் அரைத்துச் சரக்குக் கறி. என் சுறா குளிர்ப்பெட்டிக்குள் போனது. எனக்கு அது அடித்த மாதிரி இருந்தது. மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் வந்து, அவர் அடுப்பு மூட்டுவதற்குள் நான் சுறாவை அவித்துவிட்டேன். அவர் தன் கறியையும் கொண்டுவந்து வைத்தார். தர்சினி இரண்டையும் தின்றாள். ஒன்றை விட்டால் ஒருவருக்குக் கோபம். அவள் கண்ணில் தண்ணீர் முட்ட முட்டத் தின்றதை நீ மேசைக்கு எதிரே இருந்து பார்த்தாய்.

சாப்பாட்டுப் போட்டியை விட மோசமானது தூக்குகிற போட்டி. அதை நாங்கள் போட்டி என்று உணரவே இல்லை. பிள்ளை கொஞ்சம் சிணுங்கினால் போதும், உன் மாமி முந்திவிடுவார். தோளில் போட்டு நாலு தட்டுத் தட்டினால் பிள்ளை அடங்கிவிடும். "பாத்தியளே, என்ரை தோளிலை போட்டால் காணும்" என்பார். அடுத்த முறை நான் முந்துவேன். என் தோளிலும் அடங்கும். நான் அவரை ஒரு பார்வை பார்ப்பேன். எண்ணெய் பூசுவது அவர், துடைப்பது நான், பால் குடித்தபின் முதுகைத் தடவி ஏவறை எடுப்பது அவர், தாலாட்டுவது நான். பிள்ளை வாயைச் சப்பிச் சப்பித் தலையை அங்குமிங்கும் திருப்பும். நாங்கள் அதைப் பார்த்து "என்ன வடிவாய் வாய் வைக்கிறாள்" என்று ரசிப்போம். பசியில் தேடுகிற பிள்ளையை ஆட்டி ஆட்டி நித்திரையாக்கினோம். கடைசியில் தாயிடம் கொடுக்கும்போது அது களைத்துப்போய், இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிவிடும். உடனே, பால் காணாது, பிள்ளைக்குப் போதவில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொல்வோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் மாமிக்கும் எனக்கும் நல்ல ஒற்றுமை.

இதற்கு நடுவில் உன்னையும் பார்த்தேன். கொழும்பு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, தர்சினி பால் கொடுக்கும்போதெல்லாம் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாய். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய். ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த மாதிரிப் பிள்ளையின் வாய் நன்றாகத் திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாய். நல்ல காரியம். ஆனால் எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீ பிறந்து பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த கையோடு நான் கடைக்குப் போனேன். உன் அப்பா லொறியோடு திரிந்த காலம், கடையில் ஆளில்லை. உன்னை உன் அப்பம்மா வைத்திருந்தார். எனக்கு மார்பு கட்டி, சட்டை நனைந்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கத்தரிக்காய் நிறுத்தேன். ஓடி ஓடி வீட்டுக்கு வந்தால் "இப்பதான் போத்திலிலை குடிச்சிட்டுப் படுத்தவன், எழுப்பாதை" என்பார். நான் எழுப்பவில்லை. ஒரு நாளும் எழுப்பவில்லை. கிணற்றடிக்குப் போய்ப் பிழிந்து ஊற்றினேன். நீ அப்பம்மா அப்பம்மா என்று வளர்ந்தாய். அதனால்தான் உன்னுடைய தலையணையையும் தண்ணீர்க் கோப்பையையும் பார்த்து எனக்கு எரிந்தது. தர்சினி மேல் கோபம் இல்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்ற எரிச்சல்.

தராசுக் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் என் பக்கத்தைச் சொல்கிறேன். பிறந்த நாள் தொடக்கம் கடையில் வாழ்ந்தவள் நான், எனக்கு எதையும் நிறுத்தால்தான் நம்பிக்கை. நம்பர் விழுகிற புதுத் தராசைக் கடையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். துவாய் விரித்துப் பிள்ளையைக் காலையில் நிறுத்தேன், பின்னேரம் நிறுத்தேன், குடிக்க முன் நிறுத்தேன், குடித்த பின் நிறுத்தேன். ஒன்றுக்குப் போனால் குறையும், குடித்தால் கூடும், கையைக் காலை ஆட்டினால் நம்பர் ஓடித் திரியும். ஒவ்வொரு தடவையும் தர்சினி என் முகத்தைப் பார்ப்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். கிளினிக்கில் கிழமைக்கு ஒருக்கால், ஏழு நாளைக்கு ஒரு தடவை, நிறுத்தால் போதும் என்று சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் உன் மாமியிடம் இல்லாதது என்னிடம் ஒன்று வேண்டுமே. தராசு என்னிடம் இருந்தது.

அந்தக் கடைசி நாள் காலையில் கிளினிக்குக்குப் போய் வந்தீர்கள். டொக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, நிறை மட்டும் மெதுவாக ஏறுகிறது, கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், ஒரு பக்கம் குடித்து முடித்தபின் மற்றப் பக்கமும் கொடுங்கள், அடுத்த கிழமை திரும்ப வாருங்கள் என்றாராம். நான் அதை முழுக்கக் கேட்கவில்லை. மெதுவாக என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பையைத் திறந்து, வரும்போது யாழ்ப்பாணத்தில் வாங்கிய பால்மாத் தகரப் பேணியையும் போத்திலையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் வாங்கினேன் என்று இப்போது சொல்கிறேன். தாய்ப்பால் என்றால் அது தர்சினியிடம்தான். போத்தில் என்றால் அது என் கையிலும் இருக்கும். பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் குடிக்கும். அந்த ஆசைதான்.

"டொக்டர் மாப்பால் குடுக்கச் சொல்லேல்லை அம்மா, தேவையெண்டால் அவர் சொல்லுவார்" என்றாய் நீ. உன் மாமி அடுப்படியிலிருந்து வந்தார். "எங்கடை வீட்டிலை பிள்ளையளுக்குப் போத்தில் குடுத்துப் பழக்கமில்லை. கத்தரிக்காய் மாதிரி நிறுத்தும் பழக்கமில்லை" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கத்தரிக்காய் எண்டால் இவ்வளவு நாளிலை காய்ச்சிருக்கும்" என்றேன். அவர் முகம் கறுத்தது. "ஆற்றை பிள்ளையை என்ன சொல்லுறியள்?" "என்ரை மகன்ரை பிள்ளையைத்தான் சொல்லுறன்." பிள்ளை அப்போது என் கையில் இருந்தது. எங்கள் சத்தத்தில் அது வீரிட்டது. உன் மாமி "இஞ்சை தாருங்கோ" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அப்போதுதான் தர்சினி கட்டிலில் இருந்து எழும்பி வந்தாள். சத்தம் போடவில்லை. எங்கள் இருவரையும் பார்த்து, "எனக்குப் பால் இருக்கு. பிள்ளைதான் என்ரை கையிலை இல்லை" என்றாள்.

அவளுடைய சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் காணாது காணாது என்று நாங்கள் சொன்னவளின் சட்டை. அவள் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நீ பேணியையும் போத்திலையும் எடுத்து என் பைக்குள் வைத்தாய், தராசையும் எடுத்தாய், மோட்டார்சைக்கிளில் என்னை யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குக் கொண்டுவந்து விட்டாய். பஸ்ஸில் ஏறும்போது "கொஞ்ச நாளைக்கு வராதேங்கோ அம்மா" என்றாய். "உன்ரை மாமிக்கும் இப்பிடித்தான் சொல்லுவியோ?" என்று கேட்டேன். "அவாவுக்கும் சொல்லுறன், பிள்ளையைத் தூக்கவேண்டாம் எண்டு" என்றாய். அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லையே என்றுதான் கொடிகாமம் வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடையில் இருந்தாலும் மனம் கடையில் இல்லை. உன் அப்பாவிடம் அந்தச் சண்டையைக் கொட்டினேன். அந்தக் காலத்தில் நான் மார்பு கட்டி நின்றபோது நீங்கள் எங்கே போனீர்கள் என்றும் கேட்டேன். பீற்றூட் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த மனுசன், "இப்ப அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?" என்றார். நியாயமான கேள்விதான். ஒன்றும் செய்ய முடியாது. பிறகு நீ கொழும்புக்குத் திரும்பினாய். அடுத்த கிழமை தர்சினி போன் எடுத்து நிறை ஏறியிருக்கிறது என்றாள். அதற்கடுத்த கிழமையும் ஏறியது. "சந்தோசம் பிள்ளை" என்றேன். வைத்துவிட்டு ஒரு கட்டுக் கீரையை வேண்டுமென்றே பிய்த்துப் போட்டேன். நான் இல்லாதபோது ஏறுகிறதாம். அது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்றும் பொறுக்கவில்லை. நான் என் மாமியிடம், உன் அப்பம்மாவிடம், சொல்லாமல் விழுங்கிய வசனத்தை, அவள் நின்ற நிலையில், சத்தம் போடாமல், தாய்க்கும் மாமிக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். தர்சினியிடம் எனக்குள்ள பொறாமைகளில் பெரியது அதுதான். அவளுடைய பாலோ, பக்கத்தில் இருக்கிற புருசனோகூட அதற்குப் பிறகுதான்.

போன மாதம் அவள் மறுபடி எடுத்தாள். "மாமி, அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். பிள்ளைக்குக் கிட்ட வரவேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நீங்கள் வாறியளோ?" என்றாள். "ஓம், வாறன்" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் நான் சேலை மாற்றத் தொடங்கிவிட்டேன். உன் மாமி ஓர் அறைக்குள், கதவு சாத்தி. அடுப்படி என்னுடையது, முற்றம் என்னுடையது, பிள்ளை என்னுடையது. பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம், தர்சினி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டிலில் பிள்ளை அசைந்தது. அழவில்லை. கையைக் கொண்டுபோய் வாயில் வைத்துச் சப்பியது. நான் தூக்கினேன். தோளில் போட்டால் அடங்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் தலை என் கழுத்தில் முட்டி வாயைத் தேடியது. தர்சினி உடுப்புக் கொடிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. நான் நடந்துபோய் அவளிடம் கொடுத்தேன். "பசிக்குது போலை" என்றேன். கொடுத்துவிட்டுச் சட்டி கழுவப் போனேன், கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினேன். அறைக்குள்ளிருந்து பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. நீ குடிக்கிற சத்தத்தை நான் அப்படி இருந்து கேட்டதில்லை.

அந்தச் சத்தம் இன்னொருவருக்கும் கேட்டது. பிள்ளை சின்னதாக ஒரு சத்தம் போட்டாலும் உன் மாமி உள்ளே இருந்து "பிள்ளை ஆரிட்டை?" என்று கேட்பார். "தாயிட்டை" என்பேன். கொஞ்சம் கழித்துத் திரும்பவும் "இப்ப ஆரிட்டை?" "தாயிட்டைத்தான்." "நீங்கள் தூக்கேல்லையோ?" "இல்லை அக்கா." கட்டில் கிரீச்சிடும், அமைதியாகிவிடுவார். நாள் முழுக்க இதே கேள்வி. முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாள் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ போன் எடுத்தவுடன் "நிறை எவ்வளவு?" என்று கேட்கிறாய். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அந்தக் கேள்விக்கு முன்னால் அவள் முகம் எப்படி ஆகிறது என்று. என் தராசுக்கு முன்னால் இருந்த அதே முகம். நான் தராசைக் கொண்டுவந்தேன், நீ போனில் கொண்டுவருகிறாய். அவள் சாப்பிட்டாளா, கொஞ்சமாவது கண் மூடினாளா என்று கேள். நிறையை அவளாகச் சொல்வாள். அடுத்த லீவில் வரும்போது உன் மாமியோடும் என்னோடும் தனித்தனியாகக் கதைத்துச் சமாதானம் செய்து திரியாதே. நாங்கள் இருவரும் பொறாமைக்காரிகள், எங்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீ தலையணையை மட்டும் பிடி.

அந்த வெள்ளிக்கிழமை தர்சினியோடு நான் கிளினிக்குக்குப் போனேன். நிறை நன்றாக ஏறியிருந்தது. மிட்வைஃப் மிஸ் சிரித்தார். தர்சினி ஓட்டோவில் இருந்தே உனக்குப் போன் எடுத்தாள், அதனால் உனக்கு அது தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நான் உன் மாமியின் கதவடிக்குப் போய், "அக்கா, பிள்ளைக்கு நிறை நல்லாய்க் கூடியிருக்கு" என்றேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "நீங்கள் வந்த கிழமை பாத்துக் கூடியிருக்கு" என்றார்.

தம்பி, அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன். அது மாதக்கணக்கில் என் வயிற்றுக்குள் கிடந்த குரல். பிள்ளை பிறந்த நாள் தொடக்கம், உன் மாமியின் வாயால் இப்படி ஒன்றைக் கேட்கவேண்டும் என்றுதான் நான் இருந்தேன். "ஓம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கலாம். சும்மா நின்றிருந்தாலே போதும், வெற்றி எனக்குத்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். "இல்லை அக்கா. போன கிழமையும் கூடினது, அதுக்கு முந்தின கிழமையும் கூடினது. நீங்கள் பாத்துக்கொண்டிருக்கேக்கையே கூடத் தொடங்கீட்டுது. நான் வந்து சோறு மட்டுந்தான் காய்ச்சினனான்." உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காய்ச்சலோடு வந்த தடிமனாகவும் இருக்கலாம்.

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போன பிறகும் எனக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது. நான் அப்படிச் சொன்னேன் என்று உன் மாமி உனக்கு ஒரு நாளும் சொல்லமாட்டார். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

அம்மா